டஃபரின் குரோவ் பூங்கா: வியாழக்கிழமை பின்னேரம் போங்கள்

வியாழக்கிழமை பின்னேரம் போங்கள். அன்றுதான் அங்கே விவசாயிகள் சந்தை. மற்றதெல்லாம் பிறகு சொல்கிறேன், இதை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வேறு ஏதோ ஒரு நாள் மத்தியானம் போய்விட்டு, "மரமும் புல்லும்தானே இருக்கு, இதுக்கா ஸ்காபரோவில இருந்து இவ்வளவு தூரம் அனுப்பினாய்?" என்று என்னிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பிழை இல்லை. டஃபரின் குரோவ் பூங்காவை வீதியில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில், டஃபரின் வீதியில், புளோர் வீதிக்குச் சற்றுத் தெற்கே, டஃபரின் மோலுக்கு நேர் எதிரே, ஏறத்தாழ 14 ஏக்கர் நிலம், பெரிய மரங்கள், இடையே நடைபாதை. உள்ளே இறங்கி நடந்தால்தான் விறகுப் புகை மணக்கத் தொடங்கும்.

அந்த மணத்துக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு பொதுப் பூங்காவுக்குள், ரொறன்ரோ மாதிரி ஒரு நகரத்துக்குள், போறணை, அதாவது விறகெரித்துப் பாண் சுடும் அடுப்பு, இருக்கிறது. முதலாவதை 1995இல் கட்டியிருக்கிறார்கள், போதாமல் போய் 2000இல் இரண்டாவதையும் கட்டியிருக்கிறார்கள். ஊரில் பேக்கரியின் பின்வளவில் இருந்த அதே மாதிரிப் போறணைதான். உள்ளே விறகை அடுக்கிக் கொளுத்தி, கல் சூடேறும்வரை மணிக்கணக்கில் எரியவிட்டு, தணலை வாரி வெளியே எடுத்து, ஈரத்துணி கட்டிய தடியால் தளத்தைத் துடைத்து, அப்புறம் அந்தக் கல் பிடித்துவைத்திருக்கும் சூட்டிலேயே பாணைப் போட்டெடுப்பது. நெருப்பை எடுத்த பிறகுதான் பாண் வேகும் என்று என் மகளுக்கு எத்தனை தரம் சொல்லியும் அவள் நம்பவில்லை, கண்ணால் கண்ட பிறகுதான் நம்பினாள்.

நான் அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்தில் நாலு வருடம் வேலை செய்தேன். வேலை முடிந்து டஃபரின் ரயில் நிலையத்துக்கு நடக்கும் வழியில், ஒரு நாள் ஆட்கள் கையில் மாவுருண்டையோடு வரிசையில் நிற்பதைக் கண்டு உள்ளே போனவள்தான். பீட்சா நாள் என்று சொன்னார்கள். சில டொலர் கொடுத்தால் ஓர் உருண்டை மா, தக்காளிக் குழம்பு, சீஸ் தருவார்கள், மேலே போட உங்களுக்கு விருப்பமானதை நீங்களே கொண்டுவரலாம், நீங்களே தட்டவேண்டும். போறணைக்குப் பக்கத்தில் நிற்பவர் நீளமான பலகைத் துடுப்பால் அதை உள்ளே தள்ளி ஓரிரு நிமிடத்தில் எடுத்துத் தருவார். அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்ற பெண், என்னைத் தெரியவே தெரியாதவர், தன் தோட்டத்துத் துளசி இலையில் பாதியை என் தட்டில் போட்டார். கனடா வந்து ஒன்பது வருடத்தில் ஒரு பூங்காவில் நான் அறியாத ஒருவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு வேலை மாறி, ஸ்காபரோப் பக்கமே வந்துவிட்டேன், என்றாலும் கோடையில் மாதம் ஒருமுறையாவது போகாமல் இருப்பதில்லை.

அப்பா ஊரிலிருந்து வந்த வருடம் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா யாழ்ப்பாணத்து நீர்வேலிக்காரர், செம்மண்ணில் வாழையும் வெங்காயமும் வைத்தவர், இங்கே வந்து ஒன்பதாம் மாடியில் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெலிந்துகொண்டிருந்தார். போறணையைக் கண்டதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அன்று நெருப்புப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓர் இளம் தொண்டர். தணலை வாரி முடித்துத் தளத்தைத் துடைத்த பிறகு, ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து குனிந்து பார்த்தார். மா உடனே கறுத்தால் சூடு கூட, மெல்லப் பொன்னிறமானால் பாண் போடலாம். அப்பா என் தோளைத் தட்டினார். "பிள்ளை, எங்கட சந்திப் பேக்கரியிலயும் இப்பிடித்தான் மா எறிஞ்சு பாக்கிறவை." குரலே மாறிவிட்டது.

பக்கத்தில் ஒரு வயதான போர்த்துக்கீச அம்மா, பிசைந்த மாவைத் துணியால் மூடிக் கூடையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பகுதி போர்த்துக்கல்லில் இருந்தும் இத்தாலியில் இருந்தும் வந்தவர்கள் பல பத்தாண்டுகளாகக் குடியிருக்கும் பகுதி. அப்பா கூடையைக் காட்டி "பாண்?" என்று கேட்டார். அந்த அம்மா முகம் மலர்ந்து "பௌங்! பௌங்!" என்றார். இரண்டும் ஒரே சொல்தான். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துக்கீசர், போகும்போது இந்தச் சொற்களையெல்லாம் எங்களிடம் விட்டுவிட்டுத்தான் போனார்கள், போறணை என்ற சொல்லும் அவர்களுடையதே. அப்பாவுக்கு அன்று உற்சாகம் பிடித்துவிட்டது. காலைக் காட்டி "சப்பாத்து" என்றார், அந்த அம்மாவும் அதையே சொன்னார். பக்கத்தில் இருந்த வாங்கைக் காட்டினார், அதுவும் கிட்டத்தட்டப் பொருந்தியது. மேசையும் பொருந்தியது. இருவருக்கும் ஆங்கிலம் வராது. பாண் வெந்து வரும்வரை, முக்கால் மணித்தியாலம், அலுமாரி, கதிரை, சாவி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். பாண் வெளியே வந்ததும் அந்த அம்மா அதைக் கையாலேயே பிய்த்து அப்பாவிடம் நீட்டினார். வெளிப்பக்கம் முறுகல், உள்ளே ஆவி பறந்தது. அப்பா அன்றிரவு ஃபோனில் ஊருக்கெல்லாம் இதைத்தான் சொன்னார்.

சரி, இது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நகரசபை திட்டம் போட்டுக் கட்டிக் கொடுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் இது அந்தப் பகுதி ஆட்கள் ஒதுங்கிப்போன பூங்கா. இருட்டினால் பயம், பிள்ளைகளை விட மனமில்லை. எதிரே இருக்கும் மோலை விரிவாக்கியபோது அதற்கு ஈடாகப் பூங்காவை மேம்படுத்த ஒரு தொகை கிடைத்தது. என்ன செய்யலாம் என்று பகுதி மக்களிடம் கேட்டபோது, யூட்டா மேசன் என்ற அங்கே குடியிருந்த பெண்ணும் அயலவர்களும் முன்னுக்கு வந்தார்கள். பெரிய கட்டடம் ஒன்று எழுப்பிக் காசை முடிக்காமல், பிள்ளைகள் விளையாட மணல்குழி, கூடைப்பந்துக்கு இடம், பூச்செடிப் பாத்திகள், அப்புறம் போறணை என்று சின்னச் சின்னதாகச் செய்துகொண்டு போனார்கள். டஃபரின் குரோவ் பூங்காவின் நண்பர்கள் என்று அவர்களுக்குப் பெயர் அப்படி வந்ததுதான். எனக்குப் பிடித்த விஷயம், நண்பராக அங்கே அங்கத்துவப் பணம் கட்டியதாக நான் யாரையும் கண்டதில்லை. வந்து நின்று, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் கையில் ஏதாவது ஒன்றைத் தருவார்கள்.

தருவது உண்மையான வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல இடங்களில் தொண்டர் என்றால் ஒரு ரீ-சேர்ட்டைப் போட்டுவிட்டு, குப்பைப் பையோடு ஒரு மணித்தியாலம் நடக்கவிட்டு, படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே எனக்கு முதல் நாள் தந்தது ஒரு வாளி. புதிதாக நட்ட மரக்கன்றுகளுக்கு முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் விடாவிட்டால் பிழைக்காது. வேர் அடியில் ஒரே இடத்தில் ஊற்றக்கூடாது, அடிமரத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் மரச்சீவல் முழுக்க நனையும்படி மெதுவாக, ஊறுவதற்கு நேரம் கொடுத்து ஊற்ற வேண்டும். அந்த மரச்சீவலையும் அடிமரத்தோடு ஒட்டக் குவித்தால் பட்டை அழுகிவிடும், ஒரு சாண் இடைவெளி வேண்டும். இதையெல்லாம் சொல்லித்தந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஒவ்வொரு கன்றுக்கும் எந்த வருடம் நட்டது என்று வாயாலேயே சொன்னார். நான் அன்று தண்ணீர் விட்ட கன்று ஒன்று இப்போது என் உயரத்தைத் தாண்டிவிட்டது. ரயிலில் இறங்கி வந்தால் போறணைக்குப் போக முதல் அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

இனி மணல்குழி. மகளைக் கேட்டால் பூங்கா என்றாலே அவளுக்கு இதுதான். வழக்கமான பிளாஸ்டிக் சறுக்கல் கிடையாது. பெரிய மணல் பரப்பு, பக்கத்தில் தண்ணீர்க்குழாய், மரக்கொம்புகள், குற்றிகள், அப்புறம் உண்மையான இரும்புச் சவள்கள். நாலு வயதுப் பிள்ளை தன்னைவிடப் பெரிய சவளை இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்க முதலில் பயமாக இருக்கும். குழாயைத் திறந்து ஆறு வெட்டுவார்கள், அணை கட்டுவார்கள், கொம்புகளை நட்டுக் குடில் போடுவார்கள், சேறு பிரள வீட்டுக்குப் போவார்கள். அப்பா முதலில் ஓரத்தில் நின்று பார்த்தார். பிள்ளைகள் வெட்டிய ஆற்றில் தண்ணீர் பாதி வழியில் மணலுக்குள் ஊறிப்போய்க்கொண்டிருந்தது. பொறுக்கமாட்டாமல் சப்பாத்தைக் கழற்றிவைத்து, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார். வாய்க்காலின் அடியைக் காலால் மிதித்து இறுக்கினார், இரண்டு பக்கமும் வரம்பு அணைத்தார், பிறகு சின்னதாகச் சதுரம் சதுரமாகப் பாத்தி கட்டினார். ஒரு பாத்தி நிறைந்ததும் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறந்துவிட்டார். ஊரில் தண்ணீர் மாறுவது என்று சொல்வோமே, வெங்காயத்துக்கு இறைக்கும்போது செய்வது, அதுதான். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ. அப்பா விரலைக் காட்டினால் அந்தப் பிள்ளை ஓடிப்போய் அந்தப் பாத்தியை அடைக்கும். "அம்மப்பா, அடுத்தது நான்!" என்று என் மகள் கத்தினாள். அங்கே நின்ற மற்றப் பிள்ளைகளும் அவரை "அம்மப்பா" என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள், அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு. திரும்பி வரும்போது ரயிலில், "நாளைக்கும் வருவமோ?" என்று அப்பாதான் கேட்டார், பிள்ளை கேட்கவில்லை.

மற்றவை சுருக்கமாக. வியாழக்கிழமை விவசாயிகள் சந்தை பின்னேரம் 3 மணியிலிருந்து 7 மணிவரை, 2002இல் தொடங்கியது, பனிக்காலத்திலும் உண்டு. இயற்கை முறையில் விளைந்த மரக்கறி என்பதால் எங்கள் கடைகளைவிட விலை கூடத்தான், நான் தக்காளியும் தேனும் மட்டும் வாங்குவேன். அனுமதி எடுத்துக்கொண்டு நெருப்பு மூட்டிக் கூதல் காய இடம் இருக்கிறது, ஒரு தரம் பத்துப் பேராகப் போய்ச் சோளம் சுட்டோம், இருட்டிய பிறகு நகரத்தின் நடுவில் தணலைச் சுற்றி உட்கார்ந்திருப்பது தனி அனுபவம். ஆளுயரத்துக்கு மேலான பொம்மைகளோடு கூத்து மாதிரி நாடகம் போடும் ஒரு குழு பல வருடங்களாக இந்தப் பூங்காவை மேடையாக வைத்திருந்தது. பனிக்காலத்தில் இரண்டு சறுக்குத் திடல்கள், ஒன்று ஹொக்கிக்கு, மற்றது சும்மா சறுக்க. எனக்குச் சறுக்கத் தெரியாது, அதனால் அதைப் பற்றி மதிப்பெண் போட நான் ஆளில்லை.

தெரிந்துகொண்டு போகவேண்டியவையும் உண்டு. போறணை தினமும் எரியாது, பீட்சா நாளும் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆள் கிடைப்பதைப் பொறுத்தது. போவதற்கு முன் விசாரித்துவிட்டுப் போங்கள். கார் நிறுத்துவது கஷ்டம், ரயில்தான் நல்லது. ஸ்காபரோ ரயில் பாதையை 2023இல் மூடிய பிறகு எங்கள் பக்கத்தவர்களுக்குக் கெனடி நிலையம்வரை பஸ்தான், ஆனால் அங்கே ஏறினால் மாறாமல் டஃபரின் வந்து இறங்கலாம். என் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது. வயதானவர்களைக் கூட்டிப்போனால் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம், மணல்குழியில் இறங்குவார்கள் என்று நினைத்து ஒரு மாற்று உடுப்பும்.

இனி என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குப் பூங்கா புதிதில்லை. ஜூலை, ஓகஸ்ட் வந்தால் சனி ஞாயிறு தவறாமல் எந்தப் பூங்காவிலும் ஏதோ ஒரு பழைய மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் நடக்கும். கொத்துரொட்டி, கூழ், கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, பிள்ளைகளுக்கு ஓட்டம், எல்லாம் உண்டு. நானும் என் பள்ளிக்கூடத்து ஒன்றுகூடலுக்கு வருடம் தவறாமல் போகிறேன், எனக்கு அது வேண்டும். ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குக் கூடாரத்தைக் கழற்றிக் காரில் ஏற்றினால் அந்தப் பூங்காவுக்கும் எங்களுக்கும் அடுத்த வருடம்வரை ஒரு தொடர்பும் கிடையாது. அங்கே நிற்கும் மரத்துக்கு யார் தண்ணீர் விடுகிறார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

போன வருடத்துக்கு முதல் வருடம் எங்கள் தொடர்மாடியில் ஆறு குடும்பம் சேர்ந்து, பக்கத்துப் பூங்காவில் மாதம் ஒருமுறை எல்லோரும் வந்து சமைத்துச் சாப்பிடும் ஒரு பின்னேரம் நடத்தலாம் என்று முயன்றோம். அனுமதி கேட்டுப் போன இடத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். காப்புறுதிப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்த பிறகு அது வேறு வகை என்றார்கள். இரண்டரை மாதம் அலைந்து, செப்ரெம்பர் கடைசியில் ஒரே ஒரு நாளுக்கு அனுமதி வந்தது. அன்று மழை. மனம் விட்டுப்போய் நான் வியாழக்கிழமை டஃபரின் குரோவ் போனபோது, அந்த மரக்கன்று ஐயாவிடம் சொல்லி அழாத குறை. அவர் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை. உங்கள் பூங்காவில் புது மரம் எத்தனை நிற்கிறது, போய் எண்ணிப் பாருங்கள், வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுங்கள், வருகிற போகிறவர்கள் நின்று கேட்பார்கள் என்றார். எண்ணிப் பார்த்தோம், ஏழு. அடுத்த வைகாசியிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் ஊற்றினோம். நின்று கேட்டார்கள். ஒரு பிலிப்பினோக் குடும்பம், நாயோடு வரும் ஒரு கிழவர், எங்கள் மாடியிலேயே இருந்தும் நான் ஒருநாளும் கதைத்திராத ஒரு சிங்களத் தம்பதி. தண்ணீர் ஊற்றிய பிறகு வாங்கில் இருந்து பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணி குடிப்போம், யாராவது ரோல்ஸோ வடையோ கொண்டுவருவார்கள். இப்போதைக்கு எங்கள் விழா அவ்வளவுதான். ஏழில் ஆறு தளிர்த்திருக்கிறது.

டஃபரின் தூரம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. தோர்ன்கிளிஃப் பகுதியில் ஆர்.வி. பர்ஜஸ் பூங்கா இருக்கிறது. உயர்ந்த தொடர்மாடிகளுக்கு நடுவில், தென்னாசியாவிலிருந்து வந்த குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம். 2008இல் சபீனா அலி என்பவரும் அயலில் இருந்த பெண்களும் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கி, உடைந்துபோய்க் கிடந்த அந்தப் பூங்காவைக் கையில் எடுத்தார்கள். கோடை வெள்ளிக்கிழமைகளில் பஜார், பெண்கள் வீட்டில் செய்த சாப்பாடும் தைத்த உடுப்பும் விற்பார்கள். 2013இல் அங்கே ஒரு தந்தூர் அடுப்பு வைத்தார்கள், வட அமெரிக்காவில் பொதுப் பூங்காவுக்குள் வந்த முதல் தந்தூர் என்று அதைச் சொல்வார்கள். நான் ஒரு தரம்தான் போயிருக்கிறேன். வெள்ளிக்கிழமை, சரியான சனம், ஒரு பெண் கையில் துணி உறையோடு குனிந்து நானை அடுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார், பின்னால் முப்பது பேர் வரிசை. சுடச்சுட வாங்கிப் புல்லில் இருந்து தின்றோம். டஃபரினைப் பார்த்துவிட்டு அதையும் பாருங்கள், அல்லது அதை முதலில் பாருங்கள், எதிலும் குறையில்லை.

மதிப்பெண் கேட்டால், டஃபரின் குரோவுக்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் போடுவேன். முப்பது வருடத்துக்கு மேலாக அயலவர்கள் தங்கள் பின்னேரங்களைக் கொடுத்து வளர்த்த இடம் அது. போகும்போது வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுபோங்கள். நாங்கள் போனமுறை கத்தரிக்காய்ப் பொரியலும் பச்சைமிளகாயும் கொண்டுபோய்ப் பீட்சாவுக்கு மேல் போட்டோம், துடுப்புப் பிடித்தவர் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, உறைப்பில் கண் கலங்க இன்னொன்று கேட்டார். அப்பா இந்தக் கோடைக்குத் தனக்கென்று ஒரு சின்னச் சவள் வாங்கி வைத்திருக்கிறார், பூங்காச் சவள்களின் பிடி நீளமாம், குனிந்து வரம்பு அணைக்க வசதியில்லையாம். வருகிற வியாழன் நாங்கள் போகிறோம்.